கண் விழுந்த மட்கார்டு

அன்று ஷெட்டில் இருந்தது ஐந்து பேர். ஷெட்டுக்குச் சொந்தக்காரரும் பெயிண்ட் அடிப்பவருமான பாய், திருமலைராயன்பட்டினத்திலிருந்து சைக்கிளில் வந்து போகிறவர். நசுங்கிய தகரத்தைத் தட்டி நிமிர்த்தும் டிங்கர் அண்ணன், கோட்டுச்சேரிப் பக்கத்துக் கிறிஸ்தவர். கறுப்பு அம்பாசடர் டாக்சியின் சொந்தக்காரரான டிரைவர். அவருடைய மனைவி. அப்புறம், பட்டி பார்க்கிற நான். ஆறாவதாக ஒருவர் இருந்தார் என்று டிரைவரின் மனைவி பிற்பாடு சொன்னார். அவரை நான் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்க்காமல் விட்டதற்காக ரொம்ப நாள் பயந்துகொண்டும் இருந்தேன்.

ஷெட் அரசலாற்றுக்குப் பக்கத்தில் இருந்தது. மேலே பாதி கீற்று, பாதி தகரம். எழுபதுகளின் கடைசி வருஷங்கள் அவை. மதியத்தில் ஊரே கடையைச் சாத்திவிட்டுத் தூங்கும். அந்த நேரத்தில் எங்கள் ஷெட்டிலிருந்து மட்டும் உப்புத்தாள் தேய்க்கிற சத்தம் சர் சர்ரென்று கேட்டுக்கொண்டிருக்கும். மூன்று மணிக்குக் கடல் காற்று இறங்கும். இறங்கியதும் தின்னர் வாடை, ரொட்டிக் கிடங்கிலிருந்து வருகிற வாடை, கருவாட்டு வாடை எல்லாம் ஒன்றாகக் கலந்து ஒரு வாடையாகிவிடும். இன்றைக்கு எங்காவது தின்னர் டப்பாவைத் திறந்தால்கூட எனக்கு அதில் கால்பங்குதான் கிடைக்கிறது. மிச்ச முக்கால் பங்கு அந்த மதியங்களோடு போய்விட்டது.

டிரைவரின் வண்டி ஒரு வைக்கோல் வண்டியின் நுகத்தடியில் இடித்து, இடது பக்க முன் மட்கார்டும் கதவின் ஓரமும் உள்ளே போயிருந்தன. சாதாரண நாளாக இருந்தால் அவர் அப்படியே ஓட்டியிருப்பார். ஆனால் இரண்டு நாளில் திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி. இரண்டரை வருஷத்துக்கு ஒருமுறை வருகிற அந்த நாளுக்கு எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வருவார்கள். அங்கே ஒரு லாட்ஜ்காரர் டிரைவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். பெயர்ச்சிக்கு முந்தின நாள் சாயங்காலம் வண்டி லாட்ஜ் வாசலில் நின்றால், அதற்கப்புறம் அந்த வாசல் அவருக்குத்தான். லாட்ஜில் தங்குகிறவர்கள் எல்லாரும் அவர் வண்டியில்தான் போவார்கள். ஒரே ஒரு நிபந்தனை.

"வண்டி பளிச்சுன்னு இருக்கணும்ங்கறார், பாய். கெட்ட காலம் போவட்டும்னு வர்றவங்க, அடிபட்ட வண்டியில ஏறுவாங்களாங்கறார். அதுவும் நாயந்தானே?" என்றார் டிரைவர்.

டிரைவர் பன்னிரண்டு வருஷம் அடுத்தவர் வண்டியை ஓட்டியவர். சொந்த வண்டி வந்த பிறகும் பஸ் ஸ்டாண்டில் அவருக்குக் கடைசி இடம்தான். முன்னால் நிற்கிற வண்டிகள் எல்லாம் போய், அவர் முறை வருவதற்குள் ரயிலும் போயிருக்கும், பஸ்ஸும் போயிருக்கும். அவர் தவறினால் லாட்ஜ் வாசலில் நிற்க மாயவரத்து வண்டி ஒன்று தயாராக இருந்தது. அதனால் அந்த மட்கார்டு எங்களுக்கு வெறும் மட்கார்டு இல்லை. எனக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. வண்டிக்குச் சொந்தக்காரர் நன்றாகத்தான் சாப்பிட்டார்.

எங்கள் தொழிலில் பட்டி பூசுவது என்று சொல்வதில்லை, பட்டி பார்ப்பது என்பார்கள். ஆனால் அந்தப் பார்வை கண்ணால் பார்ப்பதில்லை. டிங்கர் எவ்வளவு தட்டினாலும் தகரத்தில் மேடு பள்ளம் மிஞ்சும். பள்ளத்தில் சாம்பல் நிறப் பட்டியைத் தகட்டால் மெல்லிசாக இழுத்து, காயவிட்டு, உப்புத்தாளைக் கட்டையில் சுற்றித் தேய்த்து, மறுபடி இழுத்து, மறுபடி தேய்க்க வேண்டும். அவசரப்பட்டு ஒரே தடவையில் கனமாக அப்பினால் மேலே காய்ந்து உள்ளே பச்சையாகவே கிடக்கும், பிறகு வெடிக்கும். கடைசியில் ஓரத்தைக் கரைக்க வேண்டும். பட்டி எங்கே முடிகிறது, தகரம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியக் கூடாது. இதற்குக் கண்ணை மூடிக்கொண்டு இடது உள்ளங்கையை மெதுவாக ஓட்டுவேன். வலது கை தேய்த்துத் தேய்த்துத் தடித்துப்போனது, அதற்கு ஒன்றும் தெரியாது. இடது கை சொல்லும், இங்கே ஒரு மயிரிழை மேடு என்று. கறுப்பு வண்டிக்கு இது ரொம்பவும் முக்கியம். வெள்ளையில் மறைகிறதெல்லாம் கறுப்பில் கண்ணாடிபோல் நெளியும்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பரீட்சைத் தாளில் எழுதியதை ரப்பரால் அழித்து, மறுபடி எழுதி, மறுபடி அழித்து, மணியடிக்கும்போது தாளில் ஓட்டைதான் இருக்கும். அந்தச் சுபாவத்துக்கு ஏற்ற தொழில் உலகத்தில் ஒன்று இருக்கிறது என்று பாய் ஷெட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. அங்கேயும் நிறுத்துவதுதான் கஷ்டம். அதிகம் தேய்த்தால் பட்டி போய்த் தகரம் தெரியும்.

"போதும்டா," என்பார் டிங்கர் அண்ணன். "இன்னும் தேய்ச்சா அந்தாண்ட இஞ்சின் தெரியும். அப்பறம் அதுக்கும் பட்டி பாப்ப."

"எனக்கு இங்க ஒரு அலை இருக்கறாப்புல தோணுதுண்ணே."

"அலை இருக்காம? கடக்கரையில ஒக்காந்துக்கிட்டு."

அன்று காலையில் பட்டி வேலை முடிந்து, அதன் மேல் சர்ஃபேசர் என்கிற அடிப்பூச்சும் அடித்து, அதையும் தண்ணீர் விட்டு வாட்டர் பேப்பரால் தேய்த்துக் காயவிட்டிருந்தோம். பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் தூசியைத் துடைக்க வேண்டும். அந்த வாரம் பாய் புதிதாக ஒரு மூட்டைத் துடைப்புத் துணி வாங்கியிருந்தார். சைக்கிளில் வந்த ஒருவன் எடைக்குப் போட்டுவிட்டுப் போனது. வழக்கமாக வருகிற தையற்கடைத் துண்டுகள்போல் இல்லாமல் எல்லாம் முழு வேட்டி, முழுத் துண்டு. துவைத்து, வெள்ளையாக, பஞ்சுபோல் இருந்தது. இவ்வளவு நல்ல துணியை எதற்கு எடைக்குப் போட்டான் என்று எனக்கு ஒரு யோசனை ஓடியது. ஆனால் எனக்கு எல்லாவற்றுக்கும்தான் யோசனை ஓடும். அதனால் என் யோசனைகளை யாரும் கேட்பதில்லை, நானும் கேட்பதில்லை. மட்கார்டை ஒரு தடவை துடைத்தேன். தூசி மிச்சம் இருக்குமோ என்று பயந்து இன்னொரு தடவை. பிறகு கதவோடு சேர்த்து அழுத்தி இன்னொரு தடவை.

டிரைவரின் மனைவி கூடையோடு வந்து பழைய டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்தார். திருநள்ளாற்றுக் குளத்தங்கரையில் நல்லெண்ணெய்ப் பொட்டலமும், கறுப்புத் துணியில் கட்டிய எள் முடிச்சும் விற்கிறவர். பெயர்ச்சி வியாபாரத்துக்குச் சரக்கு எடுத்துக்கொண்டு போகிற வழியில் வண்டியைப் பார்க்க வந்திருந்தார்.

பாய் பிஸ்மில்லா சொல்லிப் பெயிண்ட் கன்னைப் பிடித்தார். கறுப்பு பனிபோல் இறங்கியது. சாம்பல் நிறமெல்லாம் மறைந்து, மட்கார்டு ஈரமாகப் பளபளத்தது. என் இரண்டு நாள் வேலையில் ஒரு நெளிவும் தெரியவில்லை. அந்தச் சந்தோஷம் எனக்கு ஒரு பீடி பற்றவைக்கிற நேரம்கூட நிலைக்கவில்லை. ஈரப் பெயிண்டில் ஒரு புள்ளி விலகியது. பக்கத்தில் இன்னொன்று. மட்கார்டு முழுக்க வட்ட வட்டமாகப் பெயிண்ட் ஒதுங்கி, நடுவில் சாம்பல் புள்ளி தெரிய, நூறு கண்கள் விழித்து எங்களைப் பார்த்தன.

"யா அல்லா! கண்ணு விழுந்துருச்சே!" என்றார் பாய்.

டிரைவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அப்பவே நெனச்சேன். அந்த மாயவரத்தான் நேத்து இந்தப் பக்கமா வந்து எட்டிப் பாத்துட்டுப் போனான் பாய். அவன் கண்ணுதான்."

"அட, அந்தக் கண்ணு இல்ல டிரைவரே. இது மீன் கண்ணு. பெயிண்ட்ல விழுவுறது."

"மீனுக்கும் என் வண்டிக்கும் என்ன பாய் சம்பந்தம்?"

"காரக்கால்ல மீன் கண்ணு வைக்காத எடம் ஏதுண்ணே?" என்றார் டிங்கர் அண்ணன். யாரும் சிரிக்கவில்லை.

பாய் விளக்கினார். அடியில் எங்கோ எண்ணெய் பட்டிருக்கிறது, பெயிண்ட் எண்ணெயைக் கண்டால் ஒதுங்கிப்போகும். கன்னுக்குக் காற்று கொடுக்கிற கம்ப்ரசரிலிருந்து வருகிறதோ என்று வெள்ளைக் காகிதத்தில் காற்றை ஊதிப் பார்த்தார். காகிதம் சுத்தமாக இருந்தது. பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"தம்பி, தலைக்கு எண்ணெ வச்சியா?"

"இல்ல பாய்." வைத்திருந்தேனோ என்று எனக்கே சந்தேகம் வந்து தலையைத் தடவி முகர்ந்து பார்த்தேன்.

டிரைவரின் மனைவி டயரிலிருந்து எழுந்து வந்தார். என் தோளில் கிடந்த துணியை இழுத்து மூக்கில் வைத்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"இது நல்லெண்ணெ."

"துவைச்ச துணிம்மா அது," என்றார் பாய்.

"துவைச்சா போயிருமா? பத்து வருஷமா அந்தக் குளத்தங்கரையில எண்ணெ விக்கிறேன் பாய். கண்ணக் கட்டிவிட்டாலும் சொல்லுவேன். இது கொளத்துத் துணி."

சனி பிடித்தவர்கள் தலையிலும் உடம்பிலும் நல்லெண்ணெய் தேய்த்து நள தீர்த்தக் குளத்தில் முழுகி, கட்டியிருந்த துணியை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவார்கள். விட்ட துணியோடு பீடையும் போச்சு என்பது கணக்கு. எங்கள் ஊர்க்காரர்கள் அதைக் காலால்கூடத் தொட மாட்டார்கள். யாரோ ஒருவன் அதைச் சேர்த்து, வெளுத்து, பாய்க்கு எடை போட்டிருக்கிறான்.

"எவனோ ஏழரை கழியட்டும்னு விட்டுட்டுப் போன வேட்டி. அதால என் வண்டியத் தொடச்சிருக்கீங்க. அவனவன் எறக்கிவச்சதெல்லாம் இப்ப எங்க மட்கார்டுல ஏறி ஒக்காந்திருக்கு. நம்ம அஞ்சு பேருன்னா நெனச்சீங்க? ஆறாவது ஆளு அங்க ஒக்காந்து பாக்குறாரு பாருங்க, அத்தன கண்ணால!"

"வெள்ளையா இருந்துச்சு, வாங்கிட்டேம்மா," என்றார் பாய், தாழ்ந்த குரலில். அவ்வளவு பெரிய மனிதர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

டிங்கர் அண்ணன் சமாதானத்துக்கு வந்தார். "வீட்டுல வேளாங்கண்ணித் தீர்த்தம் ஒரு பாட்டில் இருக்கு தங்கச்சி. ஓடிப் போயி எடுத்தாந்து தெளிச்சுரவா?"

"உங்க மாதாவ ஏண்ணே இதுல இழுக்குறீங்க? அது அது வேலய அது அது பாக்கட்டும்." பிறகு புருஷன் பக்கம் திரும்பினார். "இந்த வண்டி திருநள்ளாத்துக்கு வராது. நான் ஏற மாட்டேன், வர்ற சனத்தையும் ஏத்த விடமாட்டேன்."

டிரைவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நாளைக்குச் சாயங்காலம் நிக்கலன்னா எடம் போயிரும்," என்றார், யாரையும் பார்க்காமல். "மறுபடி பஸ் ஸ்டாண்டுல கடைசி."

அவர்கள் சனியைப் பற்றிப் பேச, எனக்குப் பொழுதைப் பற்றிய பயம். எங்கள் ஊரில் கறுப்பு பெயிண்டைக் காலை பத்து மணிக்கு மேல், மூன்று மணிக்குள் அடித்தாக வேண்டும். கடல் ஈரம் இறங்கிவிட்டால் பெயிண்ட் பூத்துச் சாம்பல் நிறமாகிவிடும். இன்றைக்குள் இந்தக் கண்களை எல்லாம் தேய்த்து எடுத்து, எண்ணெயைப் போக்கிக் காயவைத்தால்தான் நாளைக் காலை ஒரே ஒரு தடவை அடிக்கலாம். அதிலும் கண் விழுந்தால் அவ்வளவுதான். ஆனால் வண்டியே வராது என்கிறபோது இதை யாரிடம் சொல்வது?

டிரைவரின் மனைவி புருஷனைப் பார்த்தபடி நின்றார். கோபம் இறங்கிவிட்டது. ஆனால் சொன்ன சொல்லை எப்படித் திருப்பி எடுப்பது என்று தெரியாத நிற்பு அது.

"ஏங்க," என்றார் மெதுவாக. "எண்ணெ தேய்ச்சா அப்பறம் என்ன செய்வோம்?"

"குளிப்போம்."

"வெறும் தண்ணியிலயா? சீயக்கா வேணாமா? இப்ப இந்த வண்டி எண்ணெயத் தேய்ச்சுக்கிட்டுப் பாதிக் குளியலோட நிக்குது. முழுக்க முழுவி எழுந்தாத்தானே பீடை எறங்கும்?"

பாய் நிமிர்ந்தார். "சீயக்கா எண்ணெய எடுக்கும்தான்," என்றார் யோசனையோடு. "மொதல்ல பெட்ரோல்ல தொடச்சு, அப்பறம் சீயக்கா போட்டு அலசினா... எடுத்துரும்." அவருக்கு அது எண்ணெய், அந்த அம்மாவுக்கு அது சனி. இரண்டு பேரும் ஒரே சீயக்காய்ப் பொட்டலத்தில் வந்து நின்றார்கள்.

நான் தேய்க்க உட்கார்ந்தேன். ஒவ்வொரு கண்ணும் ஒரு குழி. குழியைச் சுற்றியுள்ள கறுப்பை மட்டும் எடுத்தால் ஓரம் விளிம்பு கட்டும். அதனால் முழு மட்கார்டையும், கதவு ஓரத்தையும், அதற்கப்பால் அடிபடாத இடத்தையும் ஒன்றாக வாட்டர் பேப்பரால் கரைத்துக்கொண்டே போனேன். ஓர் இடத்தில் கொஞ்சம் அழுத்தினால் பட்டி கிழியும். கிழிந்தால் மறுபடி பட்டி, மறுபடி காயவிடுவது, நாளைக் காலை போச்சு. தண்ணீர் ஊற்றி ஊற்றி, கண்ணை மூடி, இடது கையால் பார்த்துப் பார்த்துத் தேய்த்தேன். டிங்கர் அண்ணன் எதிரே குந்திக்கொண்டு ஒரு வார்த்தை கிண்டல் பேசாமல் தண்ணீர் ஊற்றினார். அவர் பேசாமல் இருந்தது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"ஏதாச்சும் சொல்லுங்கண்ணே."

"என்னத்தச் சொல்ல? நிறுத்தறப்ப சொல்றேன்."

டிரைவரின் மனைவி வாளியில் சீயக்காயைக் கரைத்துக் கொண்டுவந்தார். அதில் திப்பி மிதந்தது. அந்தத் திப்பி கீறல் போட்டுவிடுமே என்று எனக்குப் பதறியது.

"வடிகட்டணும் அக்கா."

"எதுல வடிகட்ட?"

எல்லாருடைய பார்வையும் மூலையில் கிடந்த வெள்ளை மூட்டைக்குப் போய்த் திரும்பியது. முதலில் சிரித்தது அந்த அம்மாதான். பிறகு டிரைவர். பாய் வெட்கத்தோடு சிரித்தார். கடைசியில் அந்த அம்மா தன் கூடையிலிருந்து எள் முடிச்சுக்காக வைத்திருந்த புதுக் கறுப்புத் துணியை எடுத்தார். நான் அதைக் கஞ்சி போக அலசி, அதில் வடிகட்டினேன். பெட்ரோல் தொட்டுத் துடைத்ததும், சீயக்காய் போட்டு அலசியதும் அந்தத் துணியில்தான். "சனீஸ்வரன் துணியாலயே தொடச்சாச்சு. இனி அவரு கோவிச்சுக்க மாட்டாரு," என்றார் அந்த அம்மா. வண்டிக்குத் தலைமுழுக்கு மாதிரி ஒரு வாளித் தண்ணீரையும் அவரே ஊற்றினார்.

"நிறுத்து," என்றார் டிங்கர் அண்ணன், நான் இன்னும் துடைத்துக்கொண்டே இருப்பதைப் பார்த்து. நான் நிறுத்தினேன்.

மறுநாள் காலை வெயில் ஏறியதும் பாய் கன்னை எடுத்தார். மெல்லிய ஒரு கோட்டு பெயிண்ட் அடித்துவிட்டு ஒதுங்கி நின்றார். ஐந்து பேரும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். ஒரு கண்ணும் திறக்கவில்லை. அடுத்த கோட்டு. அதற்கும் திறக்கவில்லை. மட்கார்டில் கீற்று தெரிந்தது, ஆகாயம் தெரிந்தது, எங்கள் ஐந்து முகமும் நெளியாமல் தெரிந்தன. பாய் அல்ஹம்துலில்லா என்றார். டிரைவரின் மனைவி கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, "நான் மின்னாடி போறேன். நீங்க காஞ்சதும் வாங்க," என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தார். வண்டி காயக் காத்திருக்கப் பொறுமை இல்லையா, கண் கலங்கியதை மறைத்தாரா, எனக்குத் தெரியாது.

சாயங்காலம் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு திருநள்ளாறு போனேன். கூட்டத்தில் சைக்கிளை உருட்டக்கூட இடமில்லை. லாட்ஜ் வாசலில் டியூப் லைட் வெளிச்சத்தில் கறுப்பு அம்பாசடர் நின்றது. ஒரு குடும்பம் பெட்டிகளோடு ஏறிக்கொண்டிருந்தது. டிரைவர் வெள்ளைச் சட்டை போட்டு, வாய் நிறைய வெற்றிலையோடு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் பக்கத்தில் போய்க் கண்ணை மூடி மட்கார்டில் இடது கையை வைத்தேன்.

"ஏம்ப்பா, வண்டிமேல கைய வைக்காத! இப்பத்தான் பெயிண்ட் அடிச்சிருக்காப்ல இருக்கு," என்று உள்ளேயிருந்து ஒரு பெரியவர் அதட்டினார். டிரைவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்த சிரிப்பு இப்போதும் காதில் இருக்கிறது.

கூட்டமெல்லாம் வடிந்த பிறகு புருஷனும் மனைவியும் ஷெட்டுக்கு வந்தார்கள். பேசிய கூலியை அந்த அம்மாதான் எண்ணிக் கொடுத்தார். அதில் கொஞ்சத்தை மட்டும் முந்தானையிலேயே முடிந்துகொண்டார்.

"இது இருக்கட்டும் பாய். அடுத்த பெயர்ச்சி வரைக்கும் ஒரு கண்ணும் தொறக்கலன்னா தாரேன்."

"நசீபுல எழுதியிருந்தா வரும்," என்று பாய் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

இரண்டரை வருஷம் கழித்து அடுத்த பெயர்ச்சியும் வந்தது. பாய்க்கு உடம்பு முடியவில்லை, பாக்கியை வாங்க நான்தான் போனேன். வண்டி அதே வாசலில் நின்றது. மட்கார்டில் ஒரு பொட்டு எழும்பவில்லை. குளத்தங்கரையில் அந்த அம்மாவைத் தேடிப் பிடித்துச் சொன்னேன். அவர் எண்ணெய்ப் பொட்டலம் மடிப்பதை நிறுத்தவில்லை.

"தம்பி, சனி போனாலும் வக்கிரமாகித் திரும்பி வந்து ஒரு எட்டுப் பாக்கும், தெரியாதா? அதையும் பாத்துட்டுத் தாரேன்னு பாய்கிட்ட சொல்லுங்க."

பாயிடம் வந்து சொன்னேன். படுத்துக்கொண்டே அவ்வளவு சிரித்தார், இருமல் வந்துவிட்டது. அதற்கடுத்த பெருநாளுக்குள் அவர் போய்விட்டார். டிரைவர் அந்த வண்டியை விலைக்குக் கொடுத்துவிட்டு அதே வாசலில் வேறு வண்டி நிறுத்தினார். வழியில் பார்க்கும்போதெல்லாம் அந்த அம்மா, "கண்ணு ஏதும் தொறக்கல, பாத்துக்கிட்டே இருக்கேன்," என்பார். நானும் தலையாட்டிவிட்டுப் போவேன். முப்பத்தைந்து ரூபாய் பாக்கி.